போனது தண்ணீர், ஆசிட் இல்லை

(பைக் பராமரிப்பு: வாசகர் கேள்விகளுக்கு மெக்கானிக்கின் பதில்கள்)

கேள்வி: என்னுடையது கிக்கர் உள்ள பழைய பைக். எட்டு மாதமாக ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது ஹாரனும் இல்லை, இண்டிகேட்டரும் இல்லை. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் ஆறு அறையில் நான்கில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. மற்ற இரண்டில் பிளேட்டே வெளியே தெரிகிறது. 12 வோல்ட், 5 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. மீட்டரில் 9.8 வோல்ட் காட்டுகிறது. புதிது வாங்க இப்போது கையில் பணம் இல்லை, ஆனால் வேலைக்குப் போக வண்டி வேண்டும். கொஞ்சம் ஆசிட் வாங்கி ஊற்றினால் எழுந்துவிடும் என்கிறார் நண்பர். ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பிழைக்கக்கூடிய பேட்டரிகள் பல செத்துப்போனதே இந்த ஒரு யோசனையால்தான்.

பேட்டரிக்குள் இருப்பது தண்ணீர் கலந்த கந்தக அமிலம். வெயிலிலும் சூட்டிலும் ஆவியாகிப் போவது அதில் உள்ள தண்ணீர். சார்ஜ் அதிகமாக ஏறும்போது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழியாய்ப் பறப்பதும் தண்ணீர்தான். அமிலம் அப்படிக் கிளம்பிப் போவதில்லை. பேட்டரி இறங்க இறங்க அது பிளேட்டுக்குள் போய் ஈய சல்ஃபேட்டாக உட்கார்ந்துகொள்கிறது. சார்ஜ் போட்டால் திரும்ப வெளியே வரும். இது தெரியாமல் மேலே புது ஆசிட்டை ஊற்றினால், பழைய ஆசிட்டும் வெளியே வரும்போது இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறிக் காட்டமாகிவிடும். அப்புறம் பிளேட்டையும் அதற்கு நடுவே இருக்கும் தடுப்பையும் அதுவே அரித்துத் தின்னும். வண்டி சாய்ந்து விழுந்து ஆசிட் வெளியே கொட்டியிருந்தால் மட்டும் கதை வேறு. உங்களுடையது அப்படி இல்லை. உங்களுக்குத் தேவை டிஸ்டில்டு வாட்டர், ஒரு ஊசி இல்லாத சிரிஞ்சு, இரண்டு மூன்று நாள் பொறுமை. மூன்றாவதுதான் முக்கியம்.

கழற்றும்போது முதலில் மைனஸ் வயர், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் அந்த ஸ்பேனர் சிவக்கிற அளவுக்கு மின்சாரம் பாயும். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள். நல்ல சட்டை வேண்டாம். ஆசிட் பட்ட இடம் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த துவையலில்தான் ஓட்டை விழும்.

மூடிகளைத் திறக்கும் முன் பேட்டரியின் மேல்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். மூடியைச் சுற்றியிருக்கும் மண் உள்ளே விழக்கூடாது. பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். தீக்குச்சியோ லைட்டரோ பக்கத்திலேயே வரக்கூடாது. நல்ல பிளஸ் பிளேட் கரும்பழுப்பாக, சாக்லேட் நிறத்தில் இருக்கும். மைனஸ் பிளேட் சாம்பல் நிறம். மாவு தூவியது போல வெள்ளை படிந்திருந்தால் அது சல்ஃபேட். லேசாக இருந்தால் கவலை இல்லை. பிளேட் வளைந்திருந்தாலோ, பேட்டரியின் பக்கவாட்டு உப்பியிருந்தாலோ, உள்ளே இருக்கும் தண்ணீர் காப்பித்தூள் கலந்தது போல் கலங்கியிருந்தாலோ இங்கேயே நிறுத்திவிடுங்கள். பிளேட்டில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பூச்சு (மெக்கானிக்குகள் மருந்து என்போம்) உதிர்ந்துபோய்விட்டது, அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

நன்றாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரை சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு அறையிலும் பிளேட் முங்கி மேலே சில மில்லிமீட்டர் நிற்கும் வரை மட்டும் விடுங்கள். மேல்கோடு வரை இப்போதே நிரப்பிவிடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும், நிரப்பி வைத்தால் ஆசிட் வெளியே வழியும். காய்ந்த பிளேட் தண்ணீரைக் குடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். விட்டதும் சின்னச் சின்னக் குமிழிகள் ஓரமாக ஏறி வரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மட்டம் இறங்கும். இன்னும் கொஞ்சம் விடுங்கள். அப்படியே ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் மறுபடி இறங்கியிருந்தால் மறுபடி விடுங்கள். பிளேட் வெளியே தெரியும் நிலையில் ஒரு நிமிடம்கூட சார்ஜ் போடக்கூடாது. காய்ந்த இடம் சூடேறும். உள்ளே சேரும் வாயுவுக்கு ஒரு பொறி போதும், பேட்டரி வெடிக்கும்.

இனி சார்ஜ். கணக்கு எளிது: ஏ.ஹெச். அளவில் பத்தில் ஒரு பங்கு. உங்கள் 5 ஏ.ஹெச். பேட்டரிக்கு அரை ஆம்பியர். காய்ந்து கிடந்த பேட்டரி என்பதால் முதல் சில மணி நேரம் அதிலும் பாதியில் தொடங்குவது என் வழக்கம். மூடிகளைக் கழற்றி ஓட்டையின் மேல் ஈரத்துணி ஒன்றைத் தளர்வாகப் போட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

தொடங்கியதும் மீட்டர் 15, 16 வோல்ட் என்று காட்டலாம். பலர் இதைப் பார்த்து "ஃபுல் ஆகிவிட்டது" என்று கழற்றிவிடுகிறார்கள். உண்மையில் அப்போது எதுவுமே ஏறவில்லை. சல்ஃபேட் படிந்த பிளேட் மின்சாரத்தை வாங்க மறுக்கிறது, அதனால்தான் வோல்டேஜ் துள்ளி நிற்கிறது. விட்டுவிட்டுக் காத்திருங்கள். நாலைந்து மணி நேரத்தில், சில சமயம் ஒரு நாள் கழித்து, வோல்டேஜ் தானாக 12 சொச்சத்துக்கு இறங்கும். அந்த இறக்கம்தான் நல்ல செய்தி, பேட்டரி வாங்க ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்து மெதுவாக மறுபடி ஏறி 14.4-ஐத் தாண்டும்போது எல்லா அறையிலும் குமிழி கிளம்பும். தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றி ஆறவிடுங்கள்.

குமிழி வரும் நேரத்தில் சற்றுத் தள்ளி நின்று டார்ச் அடித்து ஆறு அறையையும் பாருங்கள், முகத்தை அருகில் கொண்டுபோகாமல். ஐந்து அறை சோடா போலப் பொங்கி, ஒன்று மட்டும் சும்மா கிடந்தால் அந்த செல் போய்விட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு செல்லும் 2.1 வோல்ட். ஒன்று ஷார்ட் ஆனால் எத்தனை நாள் சார்ஜ் போட்டாலும் 10.5 வோல்ட்டுக்கு மேல் நிற்காது. அதற்கு மேல் அதோடு போராடாதீர்கள், கரண்ட்தான் வீண்.

ஆறும் பொங்கினால், கழற்றி மேல்கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் விட்டு, இன்னும் அரை மணி நேரம் சார்ஜ் கொடுங்கள், கலக்கட்டும். பிறகு பன்னிரண்டு மணி நேரம் எதிலும் மாட்டாமல் வைத்துவிட்டு மீட்டர் பிடியுங்கள். 12.6-க்கு மேல் நின்றால் மிக நல்லது. 12.4 என்றால் ஓட்டலாம். 12-க்குக் கீழே வழுக்கினால் இன்னும் ஒருமுறை சார்ஜ் போட்டுப் பாருங்கள்.

வோல்டேஜ் மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். ஒரு 35 வாட் ஹெட்லைட் பல்பை நேராக மாட்டி நேரம் பாருங்கள். அது ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது? இருபது நிமிடம் என்றால் உங்களுக்குத் திரும்பக் கிடைத்தது 1 ஏ.ஹெச்., அதாவது ஐந்தில் ஒரு பங்கு. நாற்பது நிமிடம் என்றால் 2 ஏ.ஹெச். சோதித்ததும் அன்றைக்கே திரும்ப சார்ஜ் போட்டுவிட வேண்டும், இறங்கிய நிலையில் வைத்தால் சல்ஃபேட் மறுபடி கெட்டிப்படும். இப்படி இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினால் நிமிடங்கள் கூடுவதைப் பார்ப்பீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு அறையில் காற்றில் காய்ந்த பகுதி பெரும்பாலும் போனது போனதுதான். முங்கியிருந்த பகுதிதான் உங்களுக்கு வேலை செய்யப்போகிறது. கிக்கர் உள்ள வண்டி, ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும்தான் வேண்டும் என்றால் 2 ஏ.ஹெச். இருந்தாலே சில மாதம் ஓட்டலாம். அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எட்டு மாதம் சும்மா நின்றதாலேயே இவ்வளவு தண்ணீர் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நிறுத்தும்போதே குறைவாக இருந்திருக்கும். பேட்டரியை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, நடுத்தர வேகத்துக்கு ஆக்சிலேட்டரைப் பிடித்து டெர்மினலில் மீட்டர் வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால், பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் கெட்டிருக்கிறது, இல்லையென்றால் அதன் எர்த் வயர் சரியில்லை. நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரே வண்டியின் பேட்டரிக்கு மூன்று மாதத்தில் மூன்று முறை தண்ணீர் விட்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் நன்றாக எழுந்தது, ஒவ்வொரு முறையும் காய்ந்து திரும்பி வந்தது. மூன்றாவது முறை என் குரு பேட்டரியைத் தொடவே இல்லை. ஓடுகிற வண்டியில் மீட்டரை வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: 16.2. அந்த வண்டிக்காரர் ஒவ்வொரு முறையும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர். அன்றிலிருந்து இந்த அளவைப் பார்க்காமல் எந்தப் பேட்டரியையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். பேட்டரி சார்ஜர் வாங்க முடியாது. வீட்டில் பழைய லேப்டாப் அடாப்டர் ஒன்று, 19 வோல்ட், சும்மா கிடக்கிறது. அதை வைத்து பைக் பேட்டரிக்கு சார்ஜ் போடலாமா?

பதில்: நேராக மாட்டினால் கூடாது தம்பி. நடுவில் ஒரு பல்பு இருந்தால் முடியும். 12 வோல்ட், 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று எடுத்துக்கொள். அடாப்டரின் பிளஸ் வயர் பல்பின் ஒரு முனைக்கு, பல்பின் மறுமுனை பேட்டரி பிளஸ்ஸுக்கு. மைனஸ் நேராக மைனஸுக்கு. இப்படிப் போட்டால் ஏறக்குறைய அரை ஆம்பியர்தான் போகும், 5 ஏ.ஹெச். பேட்டரிக்கு அளவான கரண்ட். வயரில் 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றும் சேர்த்துவிடு.

இதில் ஒரு வசதியும் உண்டு. சல்ஃபேட் படிந்த பேட்டரி என்றால் முதலில் பல்பு எரியவே எரியாது. அது இணைப்புக் கோளாறு என்று நினைத்து வயரைப் பிடுங்காதே. சில மணி நேரம் கழித்து இழை லேசாகச் சிவப்பதைப் பார்ப்பாய். பேட்டரி வாங்கத் தொடங்கியதும் நன்றாக எரியும். பேட்டரி நிரம்ப நிரம்ப மறுபடி கொஞ்சம் மங்கும். ஆனால் தானாக நிற்காது. பேட்டரி டெர்மினலில் மீட்டர் வைத்து, குமிழி கிளம்பி 14.4-ஐத் தாண்டியதும் நீதான் கழற்ற வேண்டும். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் இதைப் போட்டு வைக்காதே. இரவு கழற்றிவிட்டுக் காலையில் தொடர்ந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. மாட்டும்போது எல்லா இணைப்பையும் கொடுத்துவிட்டு, கடைசியில் சுவர் சுவிட்சைப் போடு. கழற்றும்போது முதலில் சுவிட்சை அணை. பேட்டரி பக்கத்தில் பொறி தெறிக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

வீட்டுக் கரண்டையே ஒரு டயோடும் குண்டு பல்பும் வைத்து நேராகப் பேட்டரிக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்துவிடாதே. பேட்டரியின் டெர்மினலைத் தொட்டாலே உயிர் போகும். யாராவது செய்து காட்டினாலும் நம்பாதே.

கேள்வி: என் ஸ்கூட்டரில் இருப்பது மூடி இல்லாத மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி. மூன்று வருடம் ஆகிறது. செல்ஃப் எடுக்கவில்லை. உள்ளே காய்ந்திருக்கும், திறந்து தண்ணீர் விடலாம் என்கிறார்கள். செய்யலாமா? (ஒரு வாசகி)

பதில்: முதலில் திறக்காமலேயே சார்ஜ் போட்டுப் பாருங்கள் சகோதரி. பல நேரம் காய்ந்திருக்காது, வெறுமனே இறங்கியிருக்கும். சில நவீன சார்ஜர்கள் வோல்டேஜ் ரொம்பக் குறைந்த பேட்டரியை ஏற்காது. அப்படி இருந்தால் சாதாரண சார்ஜரில் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் எழவில்லை, எப்படியும் தூக்கிப் போடப்போகிற பேட்டரிதான் என்றால் திறந்து பார்க்கலாம். தயாரிப்பாளர்கள் திறக்கவே கூடாது என்றுதான் அச்சிட்டிருப்பார்கள், கேரண்டி இருந்தால் அதுவும் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பட்டையை ஸ்க்ரூடிரைவரால் பொறுமையாக நெம்பி எடுத்தால் ஆறு ரப்பர் மூடிகள் தெரியும். அவைதான் உள்ளே அழுத்தம் கூடினால் வாயுவை வெளியே விடும் வால்வுகள். தொலைத்துவிடாதீர்கள். உள்ளே தளதளவென்று ஆசிட் இருக்காது, கண்ணாடி நார் விரிப்பு ஒன்று பஞ்சு போல ஆசிட்டைக் குடித்து வைத்திருக்கும். அது வறண்டு வெளுத்திருந்தால் ஒவ்வொரு அறைக்கும் 2 மில்லி டிஸ்டில்டு வாட்டர், பிறகு பத்து நிமிடம் காத்திருப்பு, மறுபடி 2 மில்லி. விரிப்பு ஈரமாக மினுங்கினால் நிறுத்துங்கள். மேலே தண்ணீர் தேங்கக்கூடாது, தேங்கினால் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ரப்பர் மூடிகளைத் திரும்பப் போட்டு, பட்டையை வைத்து, காற்றுப் போகும் இடுக்கை அடைக்காமல் டேப் ஒட்டுங்கள். சார்ஜ் 14.4 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுந்தால் நல்லது. ஆனால் உங்களுடையது ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் இதை நம்பித் தூரப் பயணம் போகாதீர்கள். அதில் பெட்ரோல் பம்பும் இன்ஜின் கம்ப்யூட்டரும் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. செல்ஃப் அடிக்கும்போது டெர்மினலில் வோல்டேஜ் 9.6-க்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரி பாதி வழியில் உங்களை நிறுத்திவிடும். தனியாகப் போய் வருகிறவர் என்றால் இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம் என்பேன்.

கேள்வி: டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் ஆர்.ஓ. தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர், ஏசியில் சொட்டும் தண்ணீர், இவற்றில் எது நல்லது?

பதில்: மூன்றும் வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணீர் வற்றுவதால் உப்பின் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, இல்லாமல் இல்லை. குடிப்பதற்காக அதில் தாது சேர்த்து வருவதும் உண்டு. ஏசி தண்ணீர் காயிலின் தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. குளோரைடும் இரும்பும் பேட்டரி பிளேட்டுக்கு விஷம். ஒரு பைக் பேட்டரிக்கு ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர் தாராளமாகப் போதும். வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: எப்சம் உப்பு, ஆஸ்பிரின் மாத்திரை போட்டால் பேட்டரி உயிர் பெறும் என்கிறார்களே?

பதில்: எப்சம் உப்பு மெக்னீசியம் சல்ஃபேட். போட்டதும் கரைசலில் மின்சாரம் சற்று எளிதாகப் பாயும், வோல்டேஜ் கொஞ்சம் உயர்ந்தது போலக் காட்டும். பிளேட்டில் கெட்டிப்பட்ட சல்ஃபேட் அப்படியேதான் இருக்கும். ஆஸ்பிரின் இன்னும் மோசம். அது ஆசிட்டில் உடைந்து அசெட்டிக் அமிலத்தைத் தரும், அது ஈயத்தைத் தின்னும். இரண்டும் பேட்டரிக்குள் போகக்கூடாது.

கேள்வி: பேட்டரி புதிது, தண்ணீர் மட்டம் சரி, சார்ஜிங்கும் 14.2 காட்டுகிறது. ஆனால் ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தால் செத்துக் கிடக்கிறது. ஜி.பி.எஸ். கருவியும் அலாரமும் மாட்டியிருக்கிறேன்.

பதில்: அந்த இரண்டும்தான் குடிக்கின்றன. சாவியை அணைத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியர் காட்டுகிறது என்று வையுங்கள். 5 ஏ.ஹெச். பேட்டரி 100 மணி நேரம்தான் தாங்கும், நான்கு நாள் சொச்சம். வெளியூர் போகும்போது மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். அடிக்கடி போகிறவர் என்றால் அந்தக் கருவிகளுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்னபடி எல்லாம் செய்தும் ஒரு செல் எழவில்லை. பேட்டரியை உடைத்து ஈயத்தை எடுத்து விற்கலாமா? திறக்கும்போது கையில் ஆசிட் பட்டால் என்ன செய்வது?

பதில்: உடைக்காதீர்கள். ஈயத்தூள் மூச்சிலும் விரலிலும் ஏறும், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதன் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். உள்ளே இருக்கும் ஆசிட்டை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டவும் கூடாது. முழுதாக அப்படியே பேட்டரிக் கடையில் கொடுங்கள். பழைய பேட்டரிக்கு ஒரு மதிப்பு உண்டு, புதியதன் விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்கும் வரை நிமிர்த்தி ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து, இரண்டு டெர்மினலிலும் டேப் சுற்றிவிடுங்கள்.

கையில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். தரையிலோ வண்டி ஃபிரேமிலோ சிந்தியிருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்து அடங்கும். நுரை நின்ற பிறகு கழுவித் துடைத்துவிடலாம். அந்த சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட நல்ல பேட்டரியின் அறைக்குள் போகக்கூடாது, மூடிகளை இறுக்கிவிட்டு ஊற்றுங்கள்.